மோதிய வண்டியைக் காணோம். காப்பீட்டுப் பணம் கிடைக்குமா?

கேள்வி: சாலையோரம் முறையாக நிறுத்தியிருந்த என் காரை இரவில் ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடப்பக்கப் பின்கதவிலிருந்து பின் பம்பர் வரை நசுங்கிக் கீறியிருக்கிறது, பின்விளக்கும் உடைந்திருக்கிறது. என் கார் சாம்பல் நிறம். நசுங்கிய இடத்தில் வெள்ளைப் பெயின்ட் படிந்திருக்கிறது. கீழே கிடந்த ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த எதிர்க் கட்டடக் காவலாளி, வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் கண்ணில் பட்டதாகச் சொல்கிறார். மூன்று ஆண்டுகளாக நான் எந்தக் கிளெய்மும் செய்ததில்லை. ‘ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்’ என்கிறார் முகவர். ‘இடித்தவன் யாரென்றே தெரியாதபோது யார் பணம் தருவார்கள்? ரிவர்ஸ் எடுக்கும்போது நீயே தூணில் இடித்துவிட்டதாக எழுதிக் கொடு, போலீஸ் தொல்லை இருக்காது’ என்கிறார் நண்பர். கிளெய்ம் செய்யாததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் போனஸ் தள்ளுபடி போய்விடும், கைக்காசில் சரிசெய்துகொள்வதே மேல் என்கிறார்கள் வீட்டில். நான் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூவர் சொன்னதிலும் ஆளுக்குக் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நண்பரின் யோசனையை மட்டும் இப்போதே ஒதுக்கிவிடுங்கள். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு விடை இதுதான்: இடித்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் உங்கள் காரின் சேதத்துக்கு இழப்பீடு பெற வழி உண்டு. ஆனால் அந்தப் பணம் அவருடைய காப்பீட்டிலிருந்து வராது. உங்கள் பாலிசியில் சொந்த வாகனச் சேதத்துக்கான பகுதி இருந்தால் அதிலிருந்துதான் வரும். அந்தப் பகுதி இல்லையென்றால், நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், பெரும்பாலும் உங்கள் கைக்காசுதான் செலவாகும். எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்பதைக் கடிதத்தில் குறிப்பிடாததால், எங்கும் பொருந்தக்கூடிய அடிப்படையைச் சொல்லி, விதிகள் மாறுகிற இடங்களில் மட்டும் சில நாடுகளின் நடைமுறையை எடுத்துக்காட்டுகிறேன்.

சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் காப்பீடு பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்பீடுதான். உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் கேட்டுக்கு ஈடு கொடுப்பதே அதன் வேலை. உங்கள் வண்டியின் சேதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்களை இடித்தவருடைய மூன்றாம் தரப்புக் காப்பீடு பல நாடுகளில் உங்களுக்கு உதவும்தான். ஆனால் அவர் யார், அவருக்குக் காப்பளித்த நிறுவனம் எது என்று தெரிந்தால் ஒழிய அந்தக் கதவைத் தட்ட முடியாது. ஆகவே ஓடிப்போனவர் கிடைக்கும்வரை நீங்கள் நம்பக்கூடியது உங்கள் சொந்தப் பாலிசி ஒன்றைத்தான்.

முகவர் சொன்ன ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்ற சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். பாலிசிச் சான்றிதழை எடுத்து, சொந்தச் சேதம் என்ற தலைப்பின் கீழ் பிரீமியம் வசூலிக்கப்பட்டிருக்கிறதா, அது எந்தத் தேதிவரை செல்லும் என்று நீங்களே பாருங்கள். இந்தியாவில் இதில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். 2018 செப்டம்பர் 1 முதல் அங்கே புதுக் கார் வாங்குபவர் மூன்றாண்டுக்கான மூன்றாம் தரப்புக் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தது. சொந்தச் சேதப் பகுதியையோ பெரும்பாலோர் ஓராண்டுக்குத்தான் எடுக்கிறார்கள். சான்றிதழில் மூன்றாண்டு என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துவிட்டு, முதலாண்டு முடிவில் காலாவதியான சொந்தச் சேதப் பகுதியைப் புதுப்பிக்காமலே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், இப்படி ஒரு இடி விழும் நாளில்தான் விஷயத்தைத் தெரிந்துகொள்கிறார்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு வேறொரு குழப்பம் வரும். வேறு பல நாடுகளில் ‘காம்பிரிஹென்சிவ்’ என்றால் மோதலும் அதில் அடங்கும். அங்கேயோ அந்தப் பெயரிலான காப்பு திருட்டு, தீ, ஆலங்கட்டி மழை, மரம் விழுதல் போன்றவற்றுக்கு மட்டுமே. வண்டியோடு வண்டி மோதிய சேதத்துக்குக் ‘கொலிஷன்’ என்ற தனிக் காப்பு வேண்டும், நிறுத்தியிருந்த காரை எவரோ இடித்துவிட்டுப் போனாலும் அதுவே பொருந்தும். காப்பீடு இல்லாத ஓட்டுநரால் நேரும் இழப்புக்கென்று அங்கே விற்கப்படும் இன்னொரு காப்பு, பெயரைக் கேட்டால் இதற்காகவே வந்ததுபோல் தோன்றும். ஆனால் வாகனச் சேதத்தைப் பொறுத்தவரை அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் இடித்த வண்டியோ அதன் ஓட்டுநரோ அடையாளம் தெரிந்தால்தான் அந்தப் பகுதி செல்லுபடியாகும். கனடாவின் ஒன்டாரியோவிலும் ஏறக்குறைய இதே நிலைதான்: தவறு செய்யாதவருக்கு அவருடைய நிறுவனமே நேரடியாக ஈடு கொடுக்கும் ஏற்பாடு அங்கே உண்டு என்றாலும், எதிர் வண்டி காப்பீடு பெற்றது என்று தெரிந்தாக வேண்டும், தெரியாவிட்டால் மோதல் காப்பிலிருந்து, அதற்குரிய பிடித்தத்தோடுதான் (கிளெய்மில் உங்கள் பங்காக நீங்களே ஏற்கும் தொகை) பெற முடியும்.

‘ஓடிப்போனவர்களால் பாதிக்கப்பட்டோருக்கு அரசு நிதி இருக்கிறதாமே’ என்று சிலர் கேட்பதுண்டு. இருக்கிறது, ஆனால் அது மனிதர்களுக்காக ஏற்பட்டது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி, 2022 ஏப்ரல் 1 முதல், அடையாளம் தெரியாத வாகனம் மோதி ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். நசுங்கிய கதவுக்கு அதில் இடமே இல்லை. ஆஸ்திரேலியாவின் கட்டாயக் காப்பீடும் உடற்காயத்துக்கு மட்டுமே. பிரிட்டனில் 1946 முதல் இயங்கும், காப்பீட்டு நிறுவனங்களின் அமைப்பான மோட்டார் இன்சூரர்ஸ் பீரோ, அடையாளம் தெரியாத ஓட்டுநர்களால் காயமடைந்தவர்களின் கோரிக்கைகளை ஏற்கிறது. பொருட்சேதம் என்றால் நிபந்தனைகள் இறுகிவிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு நெறிமுறை இதை வெளிப்படையாகவே சொல்கிறது: அடையாளம் தெரியாத வாகனத்தால் ஏற்பட்ட பொருட்சேதத்துக்கு உறுப்பு நாடுகள் ஈடு மறுக்கலாம், அதே விபத்தில் யாருக்கேனும் குறிப்பிடத்தக்க உடற்காயம் ஏற்பட்டு அதற்கு ஈடு வழங்கப்பட்டிருந்தால் மட்டும் அப்படி மறுக்க முடியாது.

இந்தப் பாகுபாடு கல்நெஞ்சத்தனமாகத் தோன்றலாம். ஆனால் காரணம் எளிது. ஆளில்லாத வண்டியில் நள்ளிரவில் விழுந்த நசுங்கலுக்குச் சாட்சி கிடையாது. தானே சுவரில் இடித்தவரும், பழைய கீறலை வைத்திருப்பவரும், உண்மையாகவே பாதிக்கப்பட்டவரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். பொது நிதியிலிருந்து அதற்குப் பணம் கொடுக்கத் தொடங்கினால் எல்லை இராது. எலும்பு முறிவை அப்படிக் கற்பனை செய்து காட்ட முடியாது.

உங்கள் பாலிசியில் சொந்தச் சேதப் பகுதி நடப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். காவல் நிலையத்துக்குப் போக வேண்டுமா? போங்கள் என்பதே என் ஆலோசனை. சில நாடுகளில் இதில் தேர்வுக்கே இடமில்லை. மலேசியாவில் விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் அறிக்கை கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் காப்பீட்டு நிறுவனத்துக்கு 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதோடு, இடித்தவர் ஓடிப்போயிருந்தால் காவல்துறை அறிக்கையும் வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் காவல்துறையின் தாள் இல்லாமல் எந்தப் பட்டறையும் நசுங்கிய வண்டியில் கைவைக்காது. இந்தியாவில் சிறு சேதத்துக்கும், யாருக்கும் காயமில்லாத சொந்தச் சேதக் கிளெய்முக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கையை வற்புறுத்துவதில்லை என்பது உண்மை. ஆனாலும் எழுத்துப்பூர்வமாக ஒரு புகார் கொடுத்து, அதை ஏற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காவல்துறை அந்த வண்டியைத் தேடிப் பிடித்துவிடும் என்ற நம்பிக்கையில் இதைச் சொல்லவில்லை. சம்பவம் நடந்த தேதியும் இடமும் விதமும் உங்களுக்கு வெளியே ஓரிடத்தில், தாமதமின்றிப் பதிவாகியிருப்பதுதான் அந்தச் சீட்டின் மதிப்பு. பத்து நாள் கழித்து வாங்கிய சீட்டுக்கு அந்த மதிப்பில் பாதிகூட இராது.

புகாரில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். ‘இரவு இத்தனை மணிக்கு நிறுத்தினேன், காலை இத்தனை மணிக்குப் பார்த்தேன், இடையில் நடந்திருக்கிறது’ என்பதே போதும். காவலாளி சொன்ன நான்கு இலக்கங்களை, அவர் பார்த்ததாக, அவர் சொன்னபடியே குறிப்பிடுங்கள். முன்னெழுத்துகளை நீங்களாக ஊகித்து நிரப்பாதீர்கள். அக்கம்பக்கத்துக் கட்டடங்களில் கேமரா இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள். பெரும்பாலான கேமராப் பதிவுகள் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தாமாகவே அழிந்து, மேலே புதிய பதிவு ஏறிவிடும். நகல் தர உரிமையாளர் தயங்கினாலும், காவல்துறையோ காப்பீட்டு நிறுவனமோ கேட்கும்வரை அந்த இரவின் பதிவை அழியாமல் எடுத்து வைக்கும்படி எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

இனி நண்பரின் தூண். இந்த யோசனையைக் கிளெய்ம் செய்ய வருபவர்களில் பாதிப் பேருக்கு எவராவது சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. சில சமயம் பட்டறைக்காரரே சொல்வார். அதில் நேர்மையின்மை ஒருபுறம் இருக்கட்டும். அது எடுபடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேதத்தைப் பார்க்க வரும் சர்வேயர் படிவத்தைப் படிப்பதற்கு முன்பே வண்டியைப் படித்துவிடுவார். தூணில் இடித்தால் நசுங்கல் மேலிருந்து கீழாக, குறுகலாக, ஒரே இடத்தில் குழிந்திருக்கும். அதன் நடுவில் சுண்ணாம்போ சிமென்ட் துகளோ ஒட்டியிருக்கும். நீங்கள் சொல்வதுபோல் கதவில் தொடங்கி பம்பர் வரை ஓடும் கீறல், இன்னொரு வண்டியின் பம்பர் முனை ஏறத்தாழ ஒரே உயரத்தில் உராய்ந்துகொண்டு போனதைக் காட்டும். அந்த உயரத்தைத் தரையிலிருந்து டேப்பால் அளந்தாலே, இடித்தது காரா, சரக்கு வண்டியா என்று ஓரளவு சொல்லிவிடலாம். வெள்ளைப் பெயின்ட் படிந்திருப்பது இன்னொரு சாட்சி. எந்தத் தூணும் உங்கள் காருக்கு அந்தப் பெயின்ட்டைப் பூசியிருக்காது.

எல்லாவற்றையும்விடத் தெளிவாகப் பேசுவது சக்கரம். கதவுக்கும் பம்பருக்கும் நடுவில்தான் பின்சக்கரம் இருக்கிறது. இவ்வளவு நீளக் கீறலில் அதன் ரிம்மிலும் உராய்வு பட்டிருக்க வாய்ப்பு அதிகம். குனிந்து பாருங்கள். உங்கள் கார் நின்றுகொண்டிருந்தபோது இடிபட்டிருந்தால் ரிம்மில் விழுந்த கீறல்கள் நேர்கோடாக, ஒரே திசையில் இருக்கும். கார் ஓடிக்கொண்டிருந்திருந்தால் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும். கீறலும் வளைந்து வில்போல் இருக்கும். நேர்க்கீறல்களை வைத்துக்கொண்டு ‘ரிவர்ஸ் எடுத்தேன்’ என்று கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கொடுத்தால், சர்வேயர் உங்களிடம் எதுவும் சொல்லாமல் படம் எடுத்துக்கொண்டு போவார். பிறகு நிறுவனத்திலிருந்து கடிதம்தான் வரும்.

பொய்யான காரணம் காட்டிய கோரிக்கையை நிராகரிக்கும் உரிமை ஏறக்குறைய எல்லாப் பாலிசிகளிலும் நிபந்தனையாக எழுதப்பட்டிருக்கிறது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டப்படி, மோசடியான கோரிக்கைக்கு நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை. அந்தச் செயல் நடந்த நாளிலிருந்தே பாலிசியையும் முடித்துக்கொள்ளலாம். இதைத் தாண்டி உங்கள் சொந்த நலனையும் எண்ணிப் பாருங்கள். நிறுத்தியிருந்த வண்டி என்றால் உங்கள்மேல் தவறில்லை. ஓட்டியவர் யார், அவருக்கு உரிமம் இருந்ததா என்ற கேள்வியே எழாது. நீங்களாகவே தூணில் இடித்ததாக எழுதிக் கொடுத்தால், இல்லாத தவறை ஏற்றுக்கொள்கிறீர்கள். தவறு யாருடையது என்பதை வைத்துப் பிரீமியத்தை ஏற்றும் நாடுகளில் அது பல ஆண்டுகளுக்கு உங்கள் பெயரில் நிற்கும். நாளைக்கே அந்த வெள்ளை வண்டி அகப்பட்டாலும் அதனிடமிருந்து ஒரு காசுகூடக் கேட்க முடியாது, ஏனென்றால் உங்களை யாரும் இடிக்கவே இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்திருப்பீர்கள்.

அந்த வெள்ளை வண்டி அகப்படக்கூடும் என்பதைச் சும்மா சொல்லவில்லை. நீங்கள் எடுத்து வைத்திருக்கும் ஆரஞ்சுத் துண்டை உங்கள் உடைந்த பின்விளக்கோடு முதலில் ஒட்டிப் பாருங்கள். பல கார்களில் பின்விளக்கிலேயே ஆரஞ்சு நிற இண்டிகேட்டர் பகுதி உண்டு. அதில் பொருந்தாவிட்டால் அது இடித்த வண்டியின் இண்டிகேட்டரிலிருந்து உடைந்ததாக இருக்கக்கூடும். வாகன விளக்குகளின் பிளாஸ்டிக்கில் உற்பத்தியாளரின் குறியும் பாக எண்ணும் வார்க்கும்போதே பதிக்கப்பட்டிருக்கும். துண்டு சிறியதாக இருந்தாலும் அதில் அந்த எழுத்துகளில் சில தப்பியிருந்தால், எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்பதுவரை சுருக்கிவிடலாம். நான்கு இலக்கங்கள், வெள்ளை நிறம், மாடல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் காவல்துறையின் வாகனப் பதிவேட்டில் தேட வேண்டிய வண்டிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். துண்டைக் கழுவாமல், துடைக்காமல் ஓர் உறையில் போட்டு வையுங்கள். கிடந்த இடத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி கண்டுபிடிக்கப்பட்டால் நிலைமை அடியோடு மாறும். உங்களுக்குப் பணம் கொடுத்த நிறுவனம் உங்கள் இடத்தில் நின்று இடித்தவரிடமோ அவருடைய காப்பீட்டாளரிடமோ அதை வசூலிக்கலாம். வசூலானால் நீங்கள் சுமந்த பிடித்தத் தொகையும் பல இடங்களில் உங்களுக்குத் திரும்பும், சில நாடுகளில் இழந்த போனஸும் மீளும். ஆஸ்திரேலியாவில் தவறு செய்தவரின் பெயரும் வண்டி எண்ணும் கொடுக்க முடிந்தால் பிடித்தத் தொகையைக் கேட்காமல் விடுவதுதான் பொதுவான வழக்கம். இதற்கு இடையூறாக ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: இடித்தவரே நேரில் வந்து, ‘கேஸ் வேண்டாம், இதை வைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு தொகையை நீட்டி எழுதி வாங்க முற்பட்டால், நிறுவனத்திடம் கேட்காமல் கையெழுத்திடக் கூடாது. நீங்கள் விட்டுக்கொடுத்த உரிமையை வைத்து நிறுவனம் யாரிடமும் வசூலிக்க முடியாது. அந்த நட்டத்தை உங்கள் கிளெய்மில்தான் கழிப்பார்கள்.

வீட்டில் உள்ளவர்கள் போனஸைப் பற்றிச் சொன்னது நியாயமான கவலை. உங்கள்மேல் தவறே இல்லாதபோது போனஸ் ஏன் போக வேண்டும் என்று கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்தத் தள்ளுபடி கிளெய்ம் செய்யாமல் இருந்ததற்காகத் தரப்படுவது, தவறு செய்யாமல் இருந்ததற்காக அல்ல. நிறுவனம் செலவழித்த பணத்தை வேறு யாரிடமும் மீட்க முடியாதபோது அந்தச் செலவு உங்கள் கணக்கிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே கோபத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இந்திய நடைமுறையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் படிகள் வெளிப்படையானவை. கிளெய்ம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். ஒரு கிளெய்ம் செய்தால் சுழியத்துக்கு இறங்கிவிடும். மூன்றாண்டு கிளெய்ம் இல்லாத நீங்கள் இப்போது 35 சதவீதப் படியில் நிற்பீர்கள். கிளெய்ம் செய்யாவிட்டால் அடுத்த புதுப்பித்தலில் 45, அதன்பின் ஆண்டுதோறும் 50. கிளெய்ம் செய்தால் 0, 20, 25, 35, 45 என்று மறுபடியும் ஏறி, ஆறாவது புதுப்பித்தலில்தான் 50ஐத் தொடுவீர்கள். ஆண்டுவாரியாக இழப்பு 45, 30, 25, 15, 5. கூட்டினால் 120 சதவீதம். அதாவது தள்ளுபடிக்கு முந்தைய ஓராண்டுச் சொந்தச் சேதப் பிரீமியத்தைப்போல் 1.2 மடங்கை ஐந்தாண்டுகளில் சிறுகச் சிறுக இழப்பீர்கள். வண்டி பழையதாகப் பழையதாக அதன் மதிப்பும் பிரீமியமும் குறைவதால் உண்மையான இழப்பு இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். இடையில் வேறொரு காரணத்துக்காகக் கிளெய்ம் செய்ய நேர்ந்தாலோ, போனஸைக் காக்கும் கூடுதல் காப்பை எடுத்திருந்தாலோ, இன்னும் குறையும். மூன்றாம் தரப்புப் பிரீமியத்துக்கு இந்தத் தள்ளுபடியும் கிடையாது, அதனால் இழப்பும் கிடையாது. பலர் மொத்தப் பிரீமியத்தை வைத்துக் கணக்கிட்டு வீணாகப் பயப்படுகிறார்கள்.

தராசின் மறுதட்டில் வைக்க வேண்டியது பட்டறையின் மதிப்பீட்டுத் தொகை அன்று, உங்கள் கைக்கு வரும் தொகை. இந்தியாவில் தனியார் கார்களுக்கு 1,500 சி.சி. வரை 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் கட்டாயப் பிடித்தம். பிரீமியம் குறைய வேண்டும் என்று விருப்பப் பிடித்தம் எதையாவது ஏற்றிருந்தால் அதுவும் கழியும். பிறகு தேய்மானம். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்கு வண்டியின் வயது எதுவானாலும் பாதிதான் கிடைக்கும். உலோகப் பாகங்களுக்கு வயதுக்கேற்பக் கழிவு கூடும். கண்ணாடிக்கும் வேலைக்கூலிக்கும் கழிவில்லை. ‘பம்பர் டு பம்பர்’ என்று பேச்சில் வழங்கும் தேய்மானம் கழிக்காத காப்பை எடுத்திருந்தால் இந்தக் கழிவுகள் இல்லை. பிற நாடுகளில் பிடித்தத் தொகை இதைவிட மிகப் பெரியதாக இருப்பது சகஜம். அங்கே சிறு கீறலுக்குக் கிளெய்ம் செய்வதில் பொருளே இராது.

உங்கள் காரைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிக்கப்போவது கதவும் பம்பரும் அல்ல, அவற்றுக்கு நடுவில் சக்கரத்தின் மேல் வளைந்திருக்கும் பின்பக்கத் தகடு. கதவையும் பம்பரையும் போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம். அந்தத் தகடோ வண்டியின் உடலோடு வெல்டிங் செய்யப்பட்டது. தட்டி நிமிர்த்தும் அளவில் இருந்தால் செலவு அடங்கும். வெட்டியெடுத்துப் புதிது பற்றவைக்க வேண்டியிருந்தால் பில் பல மடங்காகும், அப்போது போனஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கிளெய்ம் செய்யுங்கள். நீங்கள் விவரித்த சேதத்தைப் பார்த்தால் அந்தப் பக்கமே தராசு சாயும் என்று எனக்குத் தோன்றுகிறது. என்றாலும் வண்டியைக் காணாமல் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன்.

முடிவெடுக்க அவகாசம் வேண்டுமானால், நிறுவனத்துக்குத் தகவல் கொடுப்பதும் கிளெய்ம் செய்வதும் வேறுவேறு என்பதை நினைவில் கொள்ளுங்கள். தகவலை உடனே கொடுக்க வேண்டும். தாமதமான தகவல் நிராகரிப்புக்குக் காரணமாகக்கூடும். அப்போதே, ‘மதிப்பீடு பார்த்துவிட்டுக் கிளெய்ம் பற்றிச் சொல்கிறேன்’ என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனால் சில நாடுகளில் தகவலாக மட்டும் பதிந்த சம்பவத்தையும் அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் குறிப்பிடச் சொல்வார்கள். கேட்டால் மறைக்கக் கூடாது.

சர்வேயர் பார்க்கும்வரை பட்டறையில் எதையும் கழற்ற விடாதீர்கள். கழற்றிய பிறகு உள்ளே புதிதாகச் சேதம் தென்பட்டால், உதாரணமாகப் பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தாங்கி வளைந்திருந்தாலோ, பார்க்கிங் சென்சார் பழுதாகியிருந்தாலோ, துணை மதிப்பீடு போடச் சொல்லிச் சர்வேயரை மீண்டும் அழைப்பது முறையானது. முதல் மதிப்பீட்டோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பம்பரின் வேறு மூலையில் முன்பே ஒரு பழைய கீறல் இருந்தால் அதை இதோடு சேர்த்துவிடும் ஆசையையும் விட்டுவிடுங்கள். வேறு திசையில் ஓடும் கீறலை வேறு சம்பவமாகக் கொண்டு இரண்டாவது பிடித்தம் போடலாம். அதைவிட மோசம், மற்ற சேதத்தின்மேலும் சந்தேகம் விழும்.

இவ்வளவுக்கும் பிறகு, ‘இடித்தவர் யாரென்று தெரியாததால் தர முடியாது’ என்று வாய்மொழியாக யாராவது சொன்னால், பாலிசியின் எந்த நிபந்தனையின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சொந்தச் சேதப் பகுதியில் அப்படி ஒரு நிபந்தனை பொதுவாக இருப்பதில்லை. எழுத்தில் கேட்டதுமே பல மறுப்புகள் காணாமல் போய்விடுகின்றன. அப்படியும் மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். இந்தியாவில் ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பிரிட்டனில் நிறுவனத்துக்கு எட்டு வாரம் அவகாசம் உண்டு. அதன் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் நிதித் துறைக் குறைதீர்ப்பாளரை அணுக வேண்டும். வேறு நாட்டில் இருந்தால் உங்கள் பாலிசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அங்குள்ள முறையீட்டு அமைப்பின் முகவரி அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புகார்ச் சீட்டு, படங்கள், சர்வேயர் அறிக்கையின் நகல், மறுப்புக் கடிதம் ஆகியவற்றோடு அங்கே எழுதலாம்.